சாராள் சும்மா கொடுத்த படிக்கல்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்று நின்றுபோனால், முதலில் கணக்கு எழுதுகிறவர் அதன் தலையில் நாலு தட்டு தட்டிப் பார்ப்பார். அடுத்து செக்யூரிட்டி வந்து ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகிப் பார்ப்பார். அதற்கும் மசியாவிட்டால் சாராளுக்கு போன் போகும்.

சாராள் கவரைப்பேட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். நாற்பதைத் தாண்டியவள். பாலிடெக்னிக்கில் படித்துவிட்டுச் சில வருடம் ஒரு கடையில் வேலை பார்த்து, பிறகு தனியாகவே சர்வீஸ் செய்யத் தொடங்கியவள். பெட்டியைத் திறந்தால் உள்ளே இரும்புத் தூள் களிம்பு மாதிரி அப்பிக் கிடக்கும். உருக்காலைப் பக்கம் என்றால் காற்றாடி சுற்றாத அளவுக்குக் கரி ஏறியிருக்கும். பெயிண்ட் பிரஷ்ஷால் தள்ளித் தள்ளிச் சுத்தம் செய்வாள். மூக்கு வழியாகக் கறுப்பாக வரும். அதற்கெல்லாம் அவள் முகம் சுளித்ததில்லை. பெட்டியை மூடி, கம்ப்யூட்டர் உயிர் பெற்றுத் திரையில் வெளிச்சம் வந்த பிறகுதான் அவள் முகம் கோணும்.

ஏனென்றால் உள்ளே இருப்பது முழுக்கத் திருட்டு மென்பொருள். கணக்கு எழுதுவது திருட்டு. படம் வரைவது திருட்டு. வைரஸ் வராமல் காவல் காப்பதும் திருட்டு, அதன் வழியாகத்தான் வைரஸே வந்திருக்கும்.

"சீ" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாமல் போகிற நாளும் உண்டு, சொல்லுகிற நாளும் உண்டு.

"ஷிப்டு முடிஞ்சி போற ஆளோட டிபன் பாக்ஸத் தொறந்து மோந்து பாக்குறீங்க. ஒரு போல்ட்டு எடுத்துக்கினு போனான்னா ஸ்டேஷன்ல குடுக்குறீங்க. இங்க ஏசி ரூம்ல மொத்தமும் திருட்டு சாமானா கீது. இத யாரு சார் மோந்து பாக்குறது?"

இதைச் சிரித்துக்கொண்டே கேட்டாலும் அவளுக்குள் சிரிப்பு இருக்காது. அவளுடைய அப்பா பாக்கியராஜ், சின்ன வயதில் வயலில் கூலிக்குப் போய்விட்டு, தொழிற்பேட்டை வந்ததும் ரோலிங் மில்லில் சேர்ந்தவர். கடைசி வரைக்கும் அந்த கேட்டில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். இடுப்பைத் தடவி, சட்டையை உதறி, சாப்பாட்டுத் தூக்கைக் கவிழ்த்துப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். ஒரு ஆணியைக்கூட அவர் எடுத்துவந்ததில்லை. தினமும் திருடனைப் போல நின்றுவிட்டு வந்த மனுஷனுடைய மகளுக்குத் திருட்டு என்ற சொல் கேட்ட மாத்திரத்தில் உடம்பு எரியும்.

அவளுடைய கொள்கை ஒன்றும் பெரிய சித்தாந்தம் இல்லை. "டப்பு இருந்தா வாங்கு. இல்லையா, சும்மா குடுக்குறவங்க உலகம் பூரா கீறாங்க, அத எடுத்துப் போட்டுக்க. ரெண்டும் இல்லாம எதுக்குத் திருடுற?" என்பாள். சும்மா கொடுப்பது என்றால் கட்டற்ற மென்பொருள். எழுதினவர்களே மூல நிரலைத் திறந்து வைத்து, எடுத்துக்கொள், பிரித்துப் பார், மாற்றிக்கொள் என்று விட்டுவிடுவார்கள். போகிற கம்பெனியில் எல்லாம் அதைப் போட்டுக் கொடுப்பாள். தலையாட்டுவார்கள். அடுத்த முறை போனால் முதலாளியின் மச்சான் பையன் யாராவது பென் டிரைவில் கொண்டுவந்த கிராக், பூட்டு உடைத்த பிரதி, உட்கார்ந்திருக்கும். சும்மா கிடைப்பது மட்டம், விலை உயர்ந்ததைத் திருடி வைத்துக்கொண்டால் கௌரவம். மனிதர்களுடைய இந்தக் கணக்கு அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. விளங்காதது மாத்திரமல்ல, குமட்டவும் செய்தது.

சென்னையில் கட்டற்ற மென்பொருள்காரர்கள் மாதம் ஒரு ஞாயிறு கூடுவதாகக் கேள்விப்பட்டு அவள் போகத் தொடங்கினாள். புருஷன் மோசஸ் ஒரு உருக்காலையில் கிரேன் ஓட்டுகிறவன். "ஞாயித்துக்கெயம கோயிலுக்கு வராம இன்னா மீட்டிங்கு?" என்று கேட்டான்.

"அங்கயும் பிரசங்கம்தான். நம்ம சர்ச்சு ஐயரத விட நீளம்" என்றாள்.

அந்தப் பிரசங்கம் செய்கிறவர்களில் ஒருவர்தான் வெங்கட்ரமணன். திருவள்ளூர்க்காரர். தகப்பனாரும் அண்ணனும் பெருமாள் கோயில் கைங்கரியத்தில் இருந்தார்கள். இவர் மட்டும் அம்பத்தூரில் ஒரு மென்பொருள் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார். மெல்லிய குரல். யாரையும் எதிர்த்துப் பேசமாட்டார்.

"பிரசாதம் மாதிரி இருக்கணும் சாராள். வரிசையில நிக்கறது யாருன்னு பார்த்தா கொடுக்கறோம்? கையை நீட்டினா கொடுத்துடறோம். மென்பொருளும் அப்படித்தான் இருக்கணும்" என்பார்.

அவர் பேச்சைக் கேட்டால் சாராளுக்கு நெஞ்சு நிறையும். திருட்டுக்கு மாற்று இருக்கிறது என்று இத்தனை அழகாகச் சொல்லுகிற ஒருவரை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை.

எளாவூர் பக்கம் பைபாஸ் ரோட்டில் அஞ்சம்மாள் என்று ஒருத்தி எடை மேடை வைத்திருந்தாள். பழைய இரும்பு ஏற்றிவருகிற லாரிகள் அதில் ஏறி நின்று எடை பார்த்துச் சீட்டு வாங்கிக்கொண்டு கம்பெனிக்குப் போகும். புருஷன் போன பிறகு தனியாகவே நடத்திவந்தாள். அவளிடம் இருந்த மென்பொருள் வருஷா வருஷம் புதுப்பிக்காவிட்டால் பூட்டிக்கொள்ளும். அப்படி ஒருநாள் பூட்டிக்கொண்டு, மேடையில் ஒரு லாரி, பின்னால் சாலை முழுக்க லாரிகள், டிரைவர்கள் எல்லாரும் ஹாரன் அடிக்க, அஞ்சம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் சாராளுக்கு அந்த யோசனை வந்தது. எடை மேடைக்கு நாமே ஒன்று எழுதிச் சும்மா கொடுத்தால் என்ன?

வெங்கட்ரமணன் உடனே சரி என்றார். அவர் சீட்டு அச்சடிக்கிற பகுதியையும் கணக்குப் பகுதியையும் எழுதினார். எடை காட்டுகிற பெட்டியிலிருந்து எண்ணைக் கம்பி வழியாக வாங்கிக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவருகிற பகுதி சாராளுடையது. ஒவ்வொரு மேடையிலும் ஒவ்வொரு விதமான பெட்டி. ஒன்றில் எண் தலைகீழாக வரும், ஒன்றில் மழை பெய்தால் உளறும். வெயிலில் நின்று, லாரியை ஏற்றி இறக்கி, அத்தனைக்கும் வழி கண்டுபிடித்தாள். திரையில் வருகிற தமிழும் அவளுடையதே. லாரி நின்ற பிறகும் மேடை கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருக்கும், எண் நிற்காது. அப்போது திரையில் வரும்படி, "வண்டி இன்னும் ஆடுது. கொஞ்சம் பொறு" என்று எழுதினாள்.

"'சற்றுப் பொறுக்கவும்'னு போடலாமே" என்றார் வெங்கட்ரமணன்.

"லாரி டிரைவருகிட்ட யாரு சார் பொறுக்கவும்னு சொல்லுவா?"

அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். தராசுத் தட்டில் வைக்கிற எடைக்கல்லை நினைத்து, பெயர் படிக்கல் என்று வைத்தார்கள்.

இணையத்தில் போடுவதற்குமுன், எந்த உரிமத்தின் கீழ் வெளியிடுவது என்பதில் மட்டும் இருவருக்கும் பேச்சு நீண்டது. சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலில் டீ ஆறிப்போகிற வரைக்கும் பேசினார்கள். சாராளுக்குப் பிடித்த உரிமம் ஒன்று இருந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், விற்கக்கூடச் செய்யலாம், ஆனால் எடுத்தவன் தான் மாற்றியதையும் இதேபோலத் திறந்து வைக்கவேண்டும் என்பது அதன் நிபந்தனை. வெங்கட்ரமணனுக்கு அது கெடுபிடியாகப் பட்டது. கம்பெனிகள் பயந்து தொடமாட்டார்கள் என்றார். அவர் சொன்ன உரிமத்தில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், பூட்டியும் விற்கலாம். எழுதினவர்களுடைய பெயரை மட்டும் எடுக்கக்கூடாது.

"பூட்டு போட்டு வித்தான்னா?"

"போட்டுட்டுப் போறான். நம்மகிட்ட இருக்கறது நம்மகிட்டயே இருக்கப்போறது. குறைஞ்சா போயிடும்?"

பெரிய மனதோடு சொன்னார். படித்தவர், யோசித்துத்தான் சொல்லுவார் என்று சாராள் விட்டுக்கொடுத்தாள்.

படிக்கல் மெல்லப் பரவியது. அஞ்சம்மாளின் மேடையில் முதலில் ஓடியது. பிறகு ஆரம்பாக்கம், தச்சூர், பெரியபாளையம் ரோடு என்று சின்னச் சின்ன மேடைக்காரர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். முகம் தெரியாத யாரோ ஆர்.கே.பேட்டையிலிருந்து போன் செய்து, வேர்க்கடலை மூட்டை எடை போட அதைப் பயன்படுத்துவதாகச் சொன்னான். அன்றைக்கு மோசஸுக்கு மீன் குழம்பு வைத்துப் போட்டாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த காலம் வேறு இல்லை.

ஒருநாள் ஒரு ரோலிங் மில்லில் பிரிண்டர் பார்க்கப் போயிருந்தாள். எடை மேடை அறையில் புது மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. எடைமித்ரா என்று பெயர். பக்கத்தில் சாவி மாதிரி ஒரு சின்னக் கருவி சொருகியிருந்தது. அது இல்லாவிட்டால் ஓடாது. வெளியே லாரி ஒன்று மேடையில் ஏறி நின்றது. திரையில் வந்தது:

வண்டி இன்னும் ஆடுது. கொஞ்சம் பொறு.

சாராள் பிரிண்டரை விட்டுவிட்டுத் திரையின் முன்னால் போய் நின்றாள். நிறம் மாறியிருந்தது. மேலே ஒரு சின்னம் வந்திருந்தது. மற்றபடி அவள் வைத்த பொத்தான் வைத்த இடத்தில் இருந்தது. 'இதைப் பற்றி' என்கிற பக்கத்தைத் திறந்தாள். அங்கே அவள் பெயரும் இல்லை, வெங்கட்ரமணன் பெயரும் இல்லை. எல்லா உரிமையும் எங்களுக்கே என்று போட்டு, மாதவரத்தில் இருக்கிற ஒரு கம்பெனியின் விலாசம் இருந்தது. எடை மேடைக் கருவிகள் விற்கிற சரவணகுமார் என்பவருடைய கம்பெனி.

பூட்டி விற்றதில் அவளுக்குக் கோபம் வரவில்லை. அது அனுமதிக்கப்பட்டதுதான். கேட்டது ஒன்றே ஒன்று, பெயரை விட்டுவை என்று. அதையும் சுரண்டி எடுத்திருந்தார்கள்.

அந்த அருவருப்பைக்கூட அவள் விழுங்கிக்கொண்டிருப்பாள். ஆனால் அதற்கடுத்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அவளுக்கு அல்ல, அஞ்சம்மாளுக்கு. எங்கள் கட்சிக்காரர் காப்புரிமை பதிவு செய்துள்ள மென்பொருளின் திருட்டுப் பிரதியைப் படிக்கல் என்ற பெயரில் நீங்கள் பயன்படுத்துகிறீர்கள், உடனே நிறுத்தாவிட்டால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று இருந்தது.

அஞ்சம்மாள் சாராளைக் கூப்பிட்டனுப்பினாள். வழக்கமாக வந்ததும் கலர் சோடா வாங்கிவரச் சொல்லுகிறவள், அன்று உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"இன்னா சாராளு, திருட்டு சாமானையா என் தலையில கட்டின?"

சாராள் நோட்டீஸை வாங்கி ஒருமுறை படித்தாள்.

"அக்கா, அத எழுதினதே நான்தான். இங்கதான குந்திக்கினு எழுதினேன்? நீதான லாரிய ஏத்தி எறக்கிக் குடுத்த?"

"நீ குந்திக்கினு இன்னா பண்ணன்னு எனக்கு இன்னா தெரியும்? பொட்டி முன்னாடி குந்தியிருந்த. அவன் வக்கீல வெச்சி ஸ்டாம்பு ஒட்டி அனுப்பறான். உன்கிட்ட இன்னா கீது?"

"இன்டர்நெட்டுல கீதுக்கா, தேதியோட."

"அத நான் போலீஸ்காரன்கிட்ட காட்டுனா படிப்பானா? ஓசில குடுக்கும்போதே நெனச்சேன். யாரு இந்தக் காலத்துல சும்மா குடுப்பா? எட்து போட்டுட்டுப் போ. எனக்கு இந்தப் பேஜாரே வாணாம்."

சாராள் அங்கேயே உட்கார்ந்து, தன் கையாலேயே படிக்கல்லை அழித்துவிட்டு வந்தாள்.

அதே மாதிரி நோட்டீஸ் இன்னும் சில மேடைகளுக்கும் போயிருந்தது. பேச்சு சிப்காட் முழுக்கச் சுற்றி, அந்த வாரமே சர்ச் வாசலுக்கு வந்துவிட்டது. ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது பின்னால் ஒருத்தி இன்னொருத்தியிடம், "ஊருக்கெல்லாம் திருட்டு திருட்டுன்னு சொல்லிக்கினு இருந்துச்சே, அதுவே திருட்டு சாப்ட்டுவேரு போட்டுக் குடுத்துச்சாம்" என்றாள். சாராள் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். அப்பா கேட்டில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. அவருக்காவது சோதித்து முடித்ததும் போகச் சொல்லிவிடுவார்கள்.

பெரியபாளையம் வழியாக பஸ் மாறித் திருவள்ளூர் போனாள். கோயில் தெருவில் வெங்கட்ரமணன் வீடு. அவர் மனைவி ஸ்ரீவாணி கதவைத் திறந்து, "வாங்கோ, உள்ள வாங்கோ" என்று காபி கொண்டுவந்து வைத்தாள். வெங்கட்ரமணன் எதிரே வந்து உட்கார்ந்தார். அவருக்கு விஷயம் தெரியும் என்பது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

"சார், ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பதில் நோட்டீஸ் விடலாம். பணம் கேக்க வேணாம். பேரப் போடு, எங்க ஜனங்கள மெரட்டாத, அவ்ளோதான்."

அவர் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னால முடியாது சாராள்."

"ஏன் சார்?"

"வேலையில சேர்றப்ப ஒரு ஒப்பந்தம் போட்டுருக்கேன். நான் எழுதற நிரல் எல்லாமே கம்பெனிக்குச் சொந்தம். ஆத்துல உக்காந்து எழுதினாலும் சரி, ஞாயித்துக்கிழமை எழுதினாலும் சரி. படிக்கல்ல என் கை இருக்குன்னு நான் கோர்ட்ல சொன்னா, எங்க கம்பெனி அது எங்களோடதுன்னு வரும். என் வேலையும் போகும்."

"அப்ப யாருதுன்னே தெரியாத பொருளதான் நாம ஊருக்குக் குடுத்தமா?"

அவள் எழுந்திருக்கப் போனபோதுதான் மீதியையும் சொன்னார். சரவணகுமாரின் வக்கீல் அவரைத் தேடி வந்திருந்தார். அந்த ஒப்பந்த விஷயம் எப்படியோ அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் கம்பெனிக்கு எழுதிப் போடட்டுமா என்று கேட்டார்களாம். படிக்கல்லில் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை, அதை நான் எழுதவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். இணையத்தில் இருந்த தன் பெயரையும் அவரே எடுத்துவிட்டார்.

"எழுதலன்னு கையெழுத்தா?"

"வேற வழி தெரியல. வீட்டுக் கடன் இருக்கு. உங்க பேர்ல ஒண்ணும் சொல்லல சாராள். சத்தியமா."

"என் பேர்ல சொல்லலதான். நீங்க எழுதலன்னுட்டீங்க, நான் தனியா எழுதுனேன்னா எவனும் நம்பமாட்டான். அப்ப மிச்சம் யாரு எழுதுனது? அவன்தான எழுதுனது?"

"கொஞ்ச நாள் பொறுத்தா…"

"பிரசாதம்னு சொன்னீங்களே சார். பிரசாதம் குடுத்தவரே இது நான் குடுக்கலன்னு எழுதிக் குடுப்பாரா?"

ஸ்ரீவாணி உள்ளறை வாசலில் நின்றிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் சாராள் மேற்கொண்டு எதுவும் பேசாமல் வந்துவிட்டாள். காபியைத் தொடவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவர்மேல் இருந்த கோபம் குறைந்தது, ஆனால் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அடித்துப் பிடுங்கினவனையாவது திட்டலாம். பயந்துபோய் விட்டுக்கொடுத்தவரை என்ன செய்வது? கெட்டுப்போன பாலை ஒரு மடக்குக் குடித்துவிட்ட மாதிரி வாயெல்லாம் புளித்தது.

பொன்னேரியில் ஒரு வக்கீலைப் பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க சும்மாதான குடுத்தீங்க? அப்ப உங்களுக்கு இன்னா நஷ்டம்? நஷ்டம் இல்லாம கேஸ் நிக்கறது கஷ்டம்மா" என்றார். கூடவே எழுதியவரே மறுக்கும்போது வருஷக்கணக்கில் இழுக்கும் என்றும் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் தொழிற்பேட்டைச் சங்கத்தில் ஒரு கூட்டம் நடந்தது. அறிவுசார் சொத்துரிமை விழிப்புணர்வு என்று வாசலில் பேனர். சங்கத்து ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்ப்பது சாராள்தான். கூட்டம் தொடங்குகிற நேரத்தில் புரொஜெக்டரில் படம் வரவில்லை என்று அவளுக்கு போன் வந்தது. போனாள். மேடையில் சென்னையிலிருந்து வந்த நிபுணர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முன்வரிசையில் பொன்னாடை போர்த்திக்கொண்டு சரவணகுமார் உட்கார்ந்திருந்தார். உள்ளூர்த் தொழிலுக்காகச் சொந்தமாக மென்பொருள் கண்டுபிடித்ததற்கான மரியாதை அது.

சாராள் கம்பியை மாற்றிச் சொருகினாள். திரை முழுக்கப் படம் விரிந்தது. 'பிறர் உழைப்பை மதிப்போம்' என்று முதல் பக்கம். அதன் வலது மூலையில் வெளிறிய எழுத்தில், இந்தக் கம்ப்யூட்டருக்கு உரிமம் வாங்கவில்லை, வாங்குங்கள் என்று ஆங்கிலத்தில் அறிவிப்பு தொங்கிக்கொண்டிருந்தது. ஆள் உயரத்துக்கு இருந்தது. ஹால் நிறைய ஆட்கள். ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை. அவரவர் ஆபீஸ் திரையிலும் அதே மூலையில் அதே எழுத்து இருப்பதால் அது அவர்கள் கண்ணுக்குத் தட்டுப்படுவதே இல்லை.

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, போர்ட்டிகோவில் நின்றாள். போன் பேச வெளியே வந்த சரவணகுமார் பேசி முடித்ததும் அவர் முன்னால் போனாள்.

"படிக்கல் எழுதின சாராள் நான்தான் சார்."

அவர் கொஞ்சமும் பதறவில்லை. மரியாதையாகக் கும்பிட்டார்.

"மேடம்! உங்களப் பாக்கணும்னு நானே நெனச்சிக்கினு இருந்தேன். அருமையா எழுதியிருக்கீங்க. அந்தப் பொட்டியிலருந்து எடை எடுக்குற எடம் கீதே, எங்க பசங்களுக்கு ரொம்ப நாளா வரல அது."

"அப்ப பேரு ஏன் எடுத்தீங்க?"

"பேரு இருந்தா கஸ்டமர் நேரா உங்களுக்கு போன் பண்ணுவான் மேடம். பிசினஸ்."

"அஞ்சம்மாவுக்கு ஏன் நோட்டீஸ் உட்டீங்க? திருட்டுன்னு எழுதியிருக்கீங்க. யாரு திருட்டு?"

"அது வக்கீல் பாஷை. அதெல்லாம் மனசுல வெச்சிக்காதீங்க. நான் ஒண்ணு சொல்றேன். கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், இந்தப் பக்கம் பூரா எடைமித்ரா சர்வீஸ் நீங்களே எடுத்துக்குங்க. உங்களவிட அந்தச் சாப்ட்வேர் தெரிஞ்சவங்க யாரு கீறாங்க?"

உண்மையிலேயே அது ஒரு நல்ல காரியம் என்று நினைத்துத்தான் அவர் சொன்னார். அவர் முகத்தில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"சீ" என்றாள்.

"என்ன மேடம்?"

அவள் ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு வேறு இரண்டு கம்பெனிக்குப் போகவேண்டியிருந்தது, எங்கேயும் போகவில்லை.

மழைக்காலம் முடிந்து அஞ்சம்மாளிடமிருந்து போன் வந்தது. குரலில் பழைய உரிமை இருந்தது. "கம்ப்யூட்டரு ஆம மாதிரி நவுருது, கணக்கெல்லாம் காணாமப் போவுது சாராளு. பொட்டியத் தொறந்து கொஞ்சம் பாரேன்." போக வேண்டாம் என்றுதான் நினைத்தாள். தனியாக மேடை நடத்துகிற பொம்பளை, லாரிக்காரர்கள் கத்துவார்கள் என்று மனசு கேட்காமல் போனாள்.

திரையில் எடைமித்ரா. ஆனால் சாவிக் கருவி எங்கேயும் இல்லை.

"இது எப்டிக்கா ஓடுது? சாவி எங்க?"

"சாவியெல்லாம் இல்ல. என் அக்கா மகன் ரகு மெட்ராஸ்ல ஒருத்தன்கிட்ட பென் டிரைவ்ல வாங்கியாந்து போட்டான். ஏதோ ஒடச்சிட்டாங்களாம். இப்ப எல்லாரும் இதத்தான் போட்டுக்கினு கீறாங்க."

"அக்கா, இதுதான் திருட்டு."

"அட போ. கம்பெனிக்காரன் பேரு போட்டுகீது, நோட்டீஸ் எப்டி வரும்? உன்னுது மாதிரியா, பேரு ஊரு இல்லாம?"

சாராள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள் சும்மா கொடுத்ததை ஒருவன் பெயர் சுரண்டிப் பூட்டினான். அந்தப் பூட்டை இன்னொருவன் உடைத்தான். உடைத்ததோடு சேர்ந்து வந்த வைரஸ் இப்போது அஞ்சம்மாளின் எடைக் கணக்கைத் தின்றுகொண்டிருந்தது. சுத்தமாக வந்தபோது அழிக்கச் சொன்னவள், இத்தனை கை மாறி அழுகிப்போய் வந்ததை நிம்மதியாக வைத்துக்கொண்டிருக்கிறாள். சாராளுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் நிறுத்தமுடியவில்லை. அஞ்சம்மாள் பயந்துபோய்ப் பார்த்தாள்.

"இத எடுத்தாதான் கை வெப்பேன்" என்றாள் சாராள், சிரிப்பு அடங்கியதும்.

"அப்ப நான் எடை எதுல போடறது? கையாலயா எழுதுவேன்?"

"எழுதுக்கா. உங்க ஊட்டுக்காரரு எழுதலையா?"

அஞ்சம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாராள் பையை மூடாமலே எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பிறகு ரகு வேறு யாரையோ கூட்டிவந்து சரி செய்ததாகக் கேள்வி.

அந்தக் கோடையில் சாராள் முதலிலிருந்து ஆரம்பித்தாள். வெங்கட்ரமணன் எழுதிய ஒரு வரிகூட இல்லாமல், சீட்டுப் பகுதியையும் கணக்குப் பகுதியையும் தானே எழுதினாள். அவருடையது அளவுக்கு நேர்த்தியாக இல்லை. இந்த முறை உரிமம் அவள் முதலில் கேட்டது. எடுப்பவன் திறந்து வைத்தாகவேண்டும். பெயரை மாற்றினாள். ஒவ்வொரு சீட்டின் அடியிலும் எழுதியவள் சாராள், கவரைப்பேட்டை என்று அச்சாகும்படி செய்தாள். ஆர்.கே.பேட்டை வேர்க்கடலைக்காரனும், நோட்டீஸுக்குப் பயப்படாத மேடைக்காரர்கள் சிலரும் எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்களை அவள் போய்க் கூப்பிடவில்லை.

அதை வெளியிட்டுக் கொஞ்ச காலம் கழித்து, இணையத்தில் ஒரு திருத்தம் வந்து விழுந்தது. இரண்டு லாரி அடுத்தடுத்து ஏறினால் சீட்டில் வண்டி எண் மாறிவிடுகிற ஒரு பிழை அவளைப் பாடாய்ப்படுத்திக்கொண்டிருந்தது. யாரோ அதைக் கண்டுபிடித்து, சின்னதாக, அழகாகச் சரிசெய்து அனுப்பியிருந்தார்கள். அனுப்பியவர் பெயர் வழிப்போக்கன் என்று இருந்தது. கீழே, 'சரிபார்த்துச் சேர்த்துக்கொள்ளவும்' என்று குறிப்பு. நிரலில் இடைவெளி விட்டிருந்த விதம், குறிப்பு எழுதியிருந்த விதம், எல்லாம் அவளுக்குப் பழக்கமான கை.

நிறைய நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பதில் எழுதினாள்: "கம்பெனி பேரு வேணாம் சார். ஊரு வேணாம். உங்க பேரு மட்டும் போட்டு அனுப்புங்க. சேத்துக்கிறேன்."

பதில் வரவில்லை. ஒரு வாரம் பார்த்தாள், இன்னொரு வாரமும் பார்த்தாள்.

மோசஸ் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். "சரியாத்தான செஞ்சி குடுத்துகீறாரு? எட்துக்க வேண்டியதுதான? பாவம், அவரால முடிஞ்சது."

"எட்துக்கலாம். நாளைக்கு அவரு கம்பெனிக்காரன் வந்து இது எங்களுதுன்னு நின்னா, திரும்ப நான்தான் திருடி. தன் பேரச் சொல்லப் பயப்படுற ஆளு குடுக்கறத நான் வாங்கி, அத இன்னொருத்தனுக்கு எப்டி சும்மான்னு சொல்லிக் குடுப்பேன்?"

"பிடிவாதம்டி உனக்கு."

"ஆமா."

அந்தத் திருத்தத்தை அவள் ஏற்கவில்லை. அதை மறந்துவிட்டுத் தன் வழியில் யோசிக்க வேண்டியிருந்தது, அதுதான் கஷ்டமாக இருந்தது. கடைசியில் பிழை போனது. வழிப்போக்கன் ஆறு வரியில் முடித்ததற்கு அவளுக்கு ஒரு முழுப் பக்கம் தேவைப்பட்டது. புதுப் பதிப்பை ஏற்றிவிட்டு, ஆர்.கே.பேட்டைக்காரனுக்கு போன் போட்டாள். "தம்பி, வண்டி நம்பரு மாறுதுன்னு சொன்னியே, இப்ப போட்டுப் பாரு" என்றாள். அவன் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான், சாயங்காலம் பார்த்துச் சொல்கிறேன் என்றான்.